தன்வேதனைக் காட்சி

ஒருவருக்குத் தலையை வலிக்கிறது. வலிக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? அவர் சொல்வதைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. குழந்தைகள் கேட்கும் கேள்வி போல இருக்கிறது அல்லவா? ஆனால் நம் பெரியவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் ‘அளவை’ என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த வழியாக வந்த அறிவை நம்பலாம் என்பதுதான் அதிலே பேச்சு. காண்டல், கருதல், உரை என்று வழிகள் மூன்று. அந்தக் காண்டலையும் அவர் நான்காகப் பிரிக்கிறார். கண், காது முதலிய வாயில்களின் வழியாகக் காண்பது வாயிற்காட்சி. மனத்தால் காண்பது மானதக் காட்சி. யோகிகளுக்குக் கிட்டுவது யோகக் காட்சி. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்து எண்ணுகிறார்: தன்வேதனைக் காட்சி. தனக்கு நேரும் இன்பத்தையும் துன்பத்தையும் ஓர் உயிர் தானே அறிவது.

நான் தத்துவம் படித்தவள் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பு நின்றுபோனவள். உரையைத் துணைக்கு வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறித்தான் அந்தப் பகுதியைக் கடந்தேன். ஆனாலும் அந்த ஒரு சொல் மனத்தில் தங்கிவிட்டது. தன் துன்பத்தைத் தான் அறிவதை அவர் ‘கருதல்’ என்று சொல்லவில்லை பாருங்கள். ஊகம் என்றோ பிரமை என்றோ சொல்லவில்லை. கண்ணால் கண்டதற்குச் சமமான வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்.

அந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டிய சந்தர்ப்பம், என் சிநேகிதி ஒருத்தியின் ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தபோது வந்தது.

அவள் திருச்சியில் பள்ளிக்கூட ஆசிரியை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். வயது 46. இருபது வருஷமாகக் கரும்பலகையில் ஒரே தேற்றத்தை எழுதி எழுதி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள். ஒரு நாள் அந்தத் தேற்றத்தின் நடுவில் நின்றுவிட்டாள். அடுத்த வரி வரவில்லை. பிள்ளைகள் சிரிக்கவில்லை, பயந்துவிட்டார்கள். அதற்கு முன்பே பல மாதங்களாக விடியற்காலை மூன்று மணிக்கு அவளுக்கு விழிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது. மார்பிலிருந்து ஒரு வெக்கை கிளம்பி, கழுத்து வழியே முகத்துக்கு ஏறும். இரவிக்கை நனைந்துவிடும். பிறகு குளிரும். பஸ்ஸில் நிற்கும்போது காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சாக்பீஸ் பிடிக்கும் விரல்களின் கணுக்கள் நோகும். மாதவிடாய் ஒரு தடவை 24 நாளில் வந்தது. அடுத்தது 38 நாளில். அதற்கடுத்தது பத்து நாள் நிற்காமல் போயிற்று.

முதலில் பார்த்த டாக்டர் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தார். நார்மல். இரண்டாமவர் இதய டாக்டர். ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுத்தார். நார்மல். மூன்றாமவர் எலும்பு மூட்டு டாக்டர். வாதத்துக்கான சோதனை நார்மல். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்காவதாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அவளே கேட்டதன் பேரில், எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோன் சோதனை நடந்தது. அதுவும் நார்மல். “உங்களுக்கு இன்னும் மெனோபாஸ் வரவில்லை அம்மா, கவலைப்படாமல் போங்கள்” என்று சொல்லி, மனம் அமைதியாக இருக்க ஒரு மாத்திரையும் எழுதினார்கள்.

அவள் கணவர் கெட்டவர் அல்ல. ஒவ்வொரு டாக்டரிடமும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனவர். தாள்களை எல்லாம் தேதி வாரியாக ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கி வைத்தவரும் அவர்தான். ஆனால் அந்த ஃபைல் கனக்கக் கனக்க அவள் வார்த்தைக்கு வீட்டில் கனம் குறைந்துகொண்டே வந்தது. “இவ்வளவு செலவு பண்ணிப் பார்த்தாச்சு. ஒண்ணுமில்லேன்னு சந்தோஷப்படாம எதுக்கு அழறே?” என்று அவர் ஒரு நாள் கேட்டார். நியாயமான கேள்வி என்றே நினைத்துக் கேட்டார். மாமியார், “நாங்கள்லாம் இதுக்கு ஒரு தைலம்கூடத் தேச்சுக்கல” என்றார். கல்லூரியில் படிக்கும் மகள், “நீ ரொம்ப யோசிக்கறேம்மா” என்றாள்.

என்னிடம் அவள் சொன்னது இது: “உடம்பு பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றேனா, அதுகூட எனக்குத் தெரியலைடி.” விருப்ப ஓய்வுக்கு மனு எழுதி மேஜை டிராயரில் வைத்திருந்தாள். ஓய்வு பெற இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது.

இங்கேதான் அந்தத் தாள் என்ன சொல்லிற்று, என்ன சொல்லவில்லை என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு. அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் தெரியும், நடக்கும்போது தெரியாது. மேல்நாடுகளில் அது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது; நம் நாட்டில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே. ஆனால் ஒரு விளக்கை ஊதி அணைப்பது போல அது நிற்பதில்லை. நிற்பதற்கு முன்னால் பல வருஷம் தடுமாறுகிறது. இந்தத் தடுமாறும் காலத்தைத்தான் டாக்டர்கள் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். சினைப்பையில் கருமுட்டைகள் குறைந்துகொண்டு வருகின்றன. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ‘ஏன் வேலை நடக்கவில்லை?’ என்று அதட்டுவது போல எஃப்.எஸ்.எச்.சைக் கூடுதலாக அனுப்புகிறது. சில மாதம் சினைப்பை அந்த அதட்டலுக்குப் பணியாது. சில மாதம் பணிவது மட்டுமல்ல, இளம் வயதில் சுரந்ததைவிட அதிகமாகவே ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து தள்ளிவிடும். அப்போது எஃப்.எஸ்.எச். இறங்கி, பார்ப்பதற்கு இருபத்தைந்து வயதுக்காரியின் அளவில் நிற்கும். அடுத்த மாதம் மறுபடியும் ஏறும். அவளைப் படுத்துவது இந்த ஏற்ற இறக்கமே. ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்த ரத்தத்தில் ஏற்ற இறக்கம் எப்படித் தெரியும்? திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். காவேரிப் பாலத்தில் ஒரே ஒரு நாள் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆற்றில் தண்ணீர் வரத்து எப்படி என்று யாராவது தீர்ப்புச் சொல்வார்களா?

இது நான் கண்டுபிடித்துச் சொல்வது அல்ல. பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு 2015-இல் வெளியிட்ட நெறிமுறையிலேயே இருக்கிறது. 45 வயதைத் தாண்டிய, மற்றபடி ஆரோக்கியமான ஒரு பெண்ணுக்கு வெக்கையும் மாதவிடாய்க் குழப்பமும் இருந்தால், ரத்தப் பரிசோதனை இல்லாமலே இன்னதென்று முடிவு செய்ய வேண்டும்; அந்த வயதில் எஃப்.எஸ்.எச். சோதனை செய்யக் கூடாது என்றே அது சொல்கிறது. (40 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயம் வேறு, அங்கே சோதனை அவசியம்.) 2011-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி இந்தப் பருவத்தின் படிகளை வகுத்தபோதும், முதல் அடையாளமாகக் கொண்டது மாதவிடாயின் கணக்கைத்தான். அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவே 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் விழுந்து, அது திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் முதற்படி. 60 நாளோ அதற்கு மேலோ வராமலே இருந்தால் அடுத்த படி. என் சிநேகிதியின் 24, 38 என்ற எண்கள் அவள் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் வட்டம் போடப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. நாலு டாக்டர்களில் ஒருவரும் அவற்றைக் கேட்கவில்லை.

நம் பழைய தர்க்கக்காரர்கள் இந்த இடத்தை மிக நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள். ஒரு பொருள் காணப்படவில்லை என்பதைக் கொண்டு அது இல்லை என்று எப்போது சொல்லலாம்? திண்ணையில் குடம் இல்லை என்று சொல்லலாம். குடம் இருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் இருட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படித் தெரிந்திருக்கும் என்ற இடத்தில் தெரியாமல் போனால்தான், அந்தத் தெரியாமை சாட்சியாகும். யோக்யானுபலப்தி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த எஃப்.எஸ்.எச். தாள் இருட்டறைச் சாட்சி. தாள் பொய் சொல்லவில்லை. கேட்கக் கூடாத கேள்வியை அதனிடம் கேட்டுவிட்டு, அது பதில் சொல்லாததைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

‘நார்மல்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பரிசோதனைத் தாளில் வலப்பக்கம் அச்சிட்டிருக்கும் எல்லைகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள் பலரின் ரத்தத்தைச் சோதித்து, நூற்றுக்கு 95 பேர் விழும் நடுப்பகுதியை எடுத்து எல்லை என்று வைக்கிறார்கள். ஆக, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் நூறு பேரில் ஐந்து பேர் எப்போதுமே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். எல்லைக்கு உள்ளே நிற்பவள் போன வருஷம் எங்கே நின்றாள் என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பின் இரும்புக் கையிருப்பு காலியாகியிருக்கலாம்; அதற்கு ஃபெரிட்டின் என்ற தனிச் சோதனை வேண்டும். நார்மல் என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்பது ஒருத்தியைப் பற்றிய தீர்ப்பு. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாண்டுவது எத்தனை பெரிய தாண்டல் என்பது, அவசரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

அவசரம் என்றது வெறும் வார்த்தைக்கு அல்ல. 2017-இல் உலக நாடுகள் பலவற்றின் கணக்கை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. சாதாரண டாக்டர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 நொடி. நம் நாட்டில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் தன் தூக்கத்தையும் விரல் கணுவையும் மறந்துபோன தேற்றத்தையும் சேர்த்துச் சொல்லி முடிப்பாளா? ஏதாவது ஒன்றைச் சொல்வாள். அந்த ஒன்றுக்கு உரிய டாக்டரிடம் அனுப்பப்படுவாள். இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று அவள் நாலு கூறாகப் போய்ச் சேர்ந்த கதை அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

சரித்திரத்தில் ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. 1816-ஆம் வருஷம் பிரான்ஸில் கார்தான் என்ற டாக்டர் பெண்களின் இந்தப் பருவத்துக்கு ஒரு பெயர் சூட்டினார். 1821-இல் அதையே திருத்தி ‘மெனோபாஸ்’ ஆக்கினார். அதே 1816-இல்தான் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டரிடம் நெஞ்சு நோயோடு ஒரு பருத்த இளம்பெண் வந்தாள். அவள் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, அவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. எத்தனை உயிரைக் காத்த கருவி அது! அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நோயாளி வாய் திறவாமலே அவள் உடம்பைக் கேட்கலாம் என்ற வழியும் அன்றைக்குத் திறந்தது. அதற்குப் பிறகு எக்ஸ்ரே வந்தது, ரத்தச் சோதனை வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது, அவள் பேச்சுக்கு இருந்த இடம் ஓர் அங்குலம் குறைந்தது.

டாக்டர்களின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது தர்மம் ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் அம்மாளிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: “நாற்பத்தைந்து வயதில் ஒருத்தி நெஞ்சு படபடக்கிறது என்று வருகிறாள். ஹார்மோன்தான் என்று தைரியம் சொல்லி அனுப்பி, அவள் வழியிலே விழுந்துவிட்டால்?” உண்மைதான். தூக்கமின்மை, சோர்வு, படபடப்பு, மறதி எல்லாம் இருபது நோய்களுக்குப் பொதுவான முகங்கள். தைராய்டு கெட்டாலும் இதே முகம்தான், ரத்தசோகைக்கும் இதேதான், மனச்சோர்வு நோய்க்கும் இதேதான். தன்வேதனைக் காட்சி பொய்யாகாது என்றால், அதன் பொருள் வேதனை உண்டு என்பது பொய்யாகாது என்பது மட்டுமே. வேதனையின் காரணம் இன்னது என்று அந்தக் காட்சி சொல்லாது. காரணத்தைக் கண்டுபிடிப்பது கருதல். அங்கே டாக்டர் வேண்டும், சோதனையும் வேண்டும். ரத்தப்போக்கு அளவு மீறினாலோ, நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு மறுபடி தென்பட்டாலோ, ‘வயதுதான்’ என்று யாரும் சும்மா இருக்கக் கூடாது. கர்ப்பப்பையைச் சோதித்தே ஆக வேண்டும்.

ஆகவே சோதித்ததில் எனக்குக் குறை இல்லை. ஒரு காரணத்துக்காகச் சோதித்து அந்தக் காரணம் இல்லை என்று தெரிந்தால், ‘இது அல்ல, வேறு எது என்று பார்ப்போம்’ என்பதல்லவா அடுத்த வாக்கியம்? அந்த வாக்கியத்தின் இடத்தில் ‘ஒன்றுமில்லை’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. காரணம் தெரியவில்லை என்பது டாக்டரின் அறிவைப் பற்றிய செய்தி. அது எந்த நொடியில் அவளுடைய நேர்மையைப் பற்றிய செய்தியாக மாறியது?

‘இயற்கைதானே’ என்று ஒரு சமாதானம் உண்டு. பிரசவமும் இயற்கைதான், அதற்காக யாரும் டாக்டரை வேண்டாம் என்று சொல்வதில்லை. வெள்ளெழுத்தும் இயற்கைதான், நாற்பது வயதில் கண்ணாடி போட்டுக்கொள்ளும் புருஷர்களை யாரும் பலவீனர்கள் என்பதில்லை. ‘எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை’ என்பது இன்னொரு சமாதானம். இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் இருந்ததா? தமிழ்க் கதைகளில் வரும் கொடுமைக்கார மாமியார்களை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். பதினெட்டில் கல்யாணம், இருபதில் பிள்ளை, பிள்ளைக்கு இருபத்தாறில் மருமகள். மாமியாருக்கு வயது என்ன ஆகிறது? 46. ராத்திரி தூங்காமல், வெக்கையில் புழுங்கி, யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் ஒருத்தி அடுப்படியில் ஒரு புதுப் பெண்ணைப் பார்த்து எரிந்து விழுகிறாள். கொடுமைக்கு இது சமாதானம் ஆகாது. மருமகள் பட்டது பட்டதுதான். ஆனாலும் அந்தக் கணக்கு என்னை விடவில்லை.

சொல்லும் ஊருக்கு ஊர் மாறுகிறது. மார்கரெட் லாக் என்ற மானிடவியல் அறிஞர் ஜப்பானியப் பெண்களிடம் பேசி 1993-இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே இந்தப் பருவத்துக்கு ‘கோனென்கி’ என்று பெயர். அமெரிக்கப் பெண்கள் அளவுக்கு அவர்கள் வெக்கையைச் சொல்லவில்லை. தோள்பட்டை இறுகிப்போவதை அதிகம் சொன்னார்கள். வெக்கை உண்டா என்று மட்டும் கேட்டிருந்தால், அவர்களுக்கும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் எழுதியிருப்பார்கள். நம் ஊரில் ‘உடம்பு காந்துகிறது’ என்போம். ‘உள்ளங்கால் எரிகிறது’ என்போம். ‘என்னவோ போல இருக்கிறது’ என்று அதோடு நிறுத்திக்கொள்வோம். இந்த ‘என்னவோ போல’வுக்கு எந்த ஆஸ்பத்திரி படிவத்திலும் கட்டம் இல்லை.

இது ஏதோ நாலு நாள் பொறுத்தால் போய்விடுகிற சங்கடமும் அல்ல. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வருஷக் கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் சொன்னது: வெக்கை அடிக்கடி வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருஷத்துக்கு மேல் நீடித்தது. மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே வெக்கை தொடங்கியவர்களுக்கு அதைவிடவும் நீண்டது. ஒரு பெண் உத்தியோகத்திலும் குடும்பத்திலும் தலை நிமிரும் வயது அது.

அவளை நம்பிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. நம்பிக் கெடுத்த சரித்திரமும் இருக்கிறது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். இந்தப் பருவத்தையே ஒரு குறைபாட்டு நோய் ஆக்கி, ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் என்றும் பெண்மை குன்றாது என்றார். லட்சக்கணக்கில் விற்றது. பெண்ணின் வேதனையை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கணவனுக்கு அவள் இன்பமாக இருக்க வேண்டும் என்ற கவலையே அதில் பெரிது. பிறகு 2002-இல் ஊசல் மறுபக்கம் போயிற்று. ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையில், இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று தெரிந்து, சோதனையைப் பாதியிலே நிறுத்தினார்கள். வருஷத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் 8 பேருக்குக் கூடுதலாக வந்தது என்பது கணக்கு. பத்திரிகைகளின் கூச்சலில் அந்த எண் காதில் விழவில்லை. சோதனையில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதும் விழவில்லை. உலகம் முழுவதும் டாக்டர்கள் பயந்து கையை விலக்கிக்கொண்டார்கள். நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் இருக்கும் பெண்ணுக்குக் கணக்கு வேறு என்று பிறகு தெளிவாயிற்று. அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தைக் கழித்துவிட்டார்கள்.

நம் நாட்டில் நடப்பது இன்னும் கொடூரம். மராட்டிய மாநிலத்து பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி 2019-இல் வெளிவந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். ரத்தப்போக்கு, வலி என்று போனவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்க்காமல் கத்தியை எடுத்தார்கள். முப்பதைத் தாண்டாதவர்களும் அதில் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பை இழந்தவர்கள். பட்டணத்து ஆசிரியைக்கு ‘ஒன்றுமில்லை’. கரும்புக் காட்டுப் பெண்ணுக்கு ‘எல்லாவற்றையும் எடுத்துவிடு’. இரண்டு இடத்திலும் அவள் சொன்னதை யாரும் கடைசி வரை கேட்கவில்லை.

என் சிநேகிதி ஐந்தாவதாக ஒரு வயதான பெண் டாக்டரிடம் போனாள். சிறிய இடம், கூட்டம் இல்லை. அவர் ஃபைலை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் கேட்டது, “கடைசி ஆறு தடவை எப்போது எப்போது வந்தது?” என்றுதான். பிறகு ஃபைலையும் முழுக்கப் படித்தார். ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார், குறைந்திருந்தது. ரத்த அழுத்தம் பார்த்து, மார்பகத்துக்கும் கர்ப்பப்பைக்கும் படம் எடுத்து, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று விசாரித்து, ஹார்மோன் சிகிச்சையின் நன்மை தீமை இரண்டையும் சொல்லி, “யோசித்துவிட்டு வாருங்கள்” என்றார். தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல், கர்ப்பப்பையின் பாதுகாப்புக்குப் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை, இரும்புச் சத்து. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு இந்த வழி பொதுவாகக் கிடையாது. வேறு மருந்துகள் உண்டு. இரண்டு மாதத்தில் இவளுக்குத் தூக்கம் திரும்பிற்று. விரல் நோவு முழுவதும் போகவில்லை. டிராயரில் இருந்த மனுவைக் கிழித்துவிட்டாள்.

அவள் கணவர் அன்றைக்கே மாறிவிட்டார். “டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாங்க” என்று எல்லாரிடமும் சொன்னார். இரவில் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். காப்பியைத் தானே போட்டார். அவளுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் என்னிடம் சொன்னாள்: “ஒரு வருஷமா நான் சொன்னதையேதானே அந்தம்மா எழுதிக் குடுத்தாங்க?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நியாய சாஸ்திரத்தில் நம்பத்தக்கவனை ஆப்தன் என்பார்கள். ஒரு விஷயத்தை நேராக அறிந்தவன். அறிந்தபடியே சொல்ல வேண்டும் என்ற விருப்பம் உள்ளவன். இந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்று அந்த நூலுக்கு உரை செய்த வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். பட்டமோ பிறப்போ அதில் இல்லை. அப்படியானால் தன் உடம்பைப் பற்றிப் பேசும் மனைவியைவிட ஆப்தர் யார்? இருபது வருஷமாக வீட்டுக் கணக்கையும், பிள்ளையின் காய்ச்சலையும், ஊரார் குணத்தையும் அவள் சொன்னால் நம்பினவர், அவளுடைய உடம்பைப் பற்றி மட்டும் வெளியே சாட்சி தேடினார். அன்பு குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அன்பு இருந்தது, அது ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கு ஃபைலே கிடையாது. வயதும் சரியாகத் தெரியாது. பெரிய மகனுக்கு இருபத்தாறு என்றதை வைத்து நான்தான் கணக்குப் போட்டுக்கொண்டேன். போன மாதம் ஒரு நாள் குழாயடியில் உட்கார்ந்தபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, “ராத்திரியெல்லாம் உடம்பு காந்துதும்மா, தூக்கமே இல்ல” என்றார். எப்போது கடைசியாக வந்தது என்று கேட்டேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “தைப்பூசத்தன்னிக்கு வந்துச்சு. கோயிலுக்குப் போக முடியலன்னு அழுதேன். அப்புறம் பங்குனி உத்திரம் கழிச்சுத்தான் வந்துச்சு” என்றார். மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். 60 நாளுக்கு மேல் ஆகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இதே தேதிகளை இதே மாதிரிச் சொல்லுங்கள் என்றேன்.

“இதையெல்லாம் அங்க கேப்பாங்களாம்மா?” என்றார், அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டே.